திறந்திருக்கிற காலேஜ்

காலையில் நீலசந்திராவில் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டின் தாழ்ப்பாள் தானாகத் திறந்து மூடும். அண்ணன் க்ளென் காலேஜுக்குக் கிளம்பும் நேரம் அது. அவன் இறந்து இரண்டு வருடமாகிறது. அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வாள். அப்பா, "காத்து" என்பார். காற்றுக்குத் தாழ்ப்பாள் திறக்கத் தெரியுமா என்று நான் கேட்பதில்லை, எனக்கே பயம்.

ஒக்கலிபுரத்தில் ஒரு மாடியில் 'யுனிவர்சிட்டி' என்று பலகை மாட்டி, கம்ப்யூட்டர் டிகிரி தருவதாகச் சொல்லி அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அவன் செத்ததைப் பிரின்சிபாலிடம் சொல்ல அப்பா போனபோது, மாடியில் பூட்டுத்தான் தொங்கியது. அங்கீகாரமே இல்லாத இடமாம். பல மாதங்களுக்கு முன்பே ஓடிவிட்டார்களாம். அத்தனை மாதமும் க்ளென் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய் ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்திருக்கிறான். அங்கேதான் தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டான். எங்களிடம் சொல்ல அப்படி என்னடா பயம் என்று அவன் போட்டோவைத் திட்டித் திட்டி எனக்கு அலுத்துவிட்டது.

1998 ஜூனில் எனக்கு அரசு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சீட் கிடைத்தது. அப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"காலேஜும் வேணாம், ஒண்ணும் வேணாம். கார்மென்ட்ஸ்ல சேர்ந்துடு, ஜூடி."

"அப்பா, அது வேற, இது வேற. அது எவனோ தானா பேர் வெச்சுக்கிட்ட யுனிவர்சிட்டி. யூஜிசி லிஸ்ட்லயே கிடையாது. இது கவர்மென்ட்டோடது, பரீட்சையும் கவர்மென்ட்டே வெக்குது. மூணு வருஷம் டிப்ளமா. அப்புறம் நல்ல மார்க் இருந்தா இன்ஜினியரிங்ல நேரா ரெண்டாவது வருஷம்."

"அங்கயும் பெருசாதான் எழுதிப் போட்டிருந்தான்."

"எழுதிப் போட பெயின்டர் போதும்பா!" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் அப்பா துணிக்கடைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு பாலிடெக்னிக்குக்கு வந்தார். ஆபீஸ் பக்கம் திரும்பவேயில்லை. வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்தார். வாட்ச்மேனிடம் கன்னடத்தில், "தினாலூ ஓப்பன் இருத்தா?" என்று, தினமும் திறந்திருக்குமா எனக் கேட்டார்.

"தினாலூ சார்," என்று வாட்ச்மேன் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கேட்டில் திறந்து தொங்கிய பூட்டைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம்தான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்.

வகுப்பு தொடங்கிய அன்று நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அம்மாவின் கை நெற்றிக்குப் போனது. அப்பா காற்று என்று சொல்லவில்லை. வாசலுக்குப் போய், யாருமில்லாத கேட்டைப் பார்த்து அழுதார்.

"இருடா க்ளென், தங்கச்சியும் வரா. கூட்டிட்டுப் போ. இது திறந்திருக்கற காலேஜ்தான், நானே பாத்துட்டேன்."