ஆரோக்கியமானவர்

திரையில் ஒரே மார்பகத்தின் இரண்டு படங்கள் தெரிந்தன. அது லூர்துமேரியுடையது என்பதை அந்த அரங்கில் அறிந்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தி, படம் எடுத்த டெக்னீஷியன் மணிமொழி. இன்னொருத்தி, கடைசி வரிசைக்குப் பின்னால் சமோசாத் தட்டோடு நின்றிருந்த லூர்துமேரி. மூன்றாமவர் மேடையில் இருந்த டாக்டர் ஜவஹர், அவர் மறந்துவிட்டிருந்தார்.

நந்தனத்து ஸ்கேன் சென்டரின் இயக்குநர் அவர். காலையில் புதுக் கருவிக்கு ரிப்பன் வெட்டப் போன இடத்தில், எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இருக்கிற அறைக்குள் இரும்புக் கத்தரிக்கோல் கூடாதென்று மணிமொழி தடுத்துவிட்டதால், சிறப்பு விருந்தினர் பிளாஸ்டிக் கத்தரிக்கோலால் ரிப்பனை ஏழு நிமிடம் அறுத்தார். அந்த அவமானத்தை ஈடுகட்டவோ என்னவோ, டாக்டர் ‘வயரில்லாக் காயில்’ என்று சொல்லும்போதெல்லாம் உலகத்தின் வயர்களைத் தானே பிடுங்கியவர்போலக் கையை உதறினார். சரக்கு எளியதுதான். செம்புக்கம்பி பதித்த இரண்டு கிண்ணங்கள். மார்பைச் சுற்றிப் பொருத்தினால், உடம்பு தரும் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கி, வயர் இல்லாமலே இயந்திரத்துக்குக் கைமாற்றிவிடும். படம் தெளிவாக விழும்.

தெளிவைக் காட்ட ஓர் உடம்பு தேவைப்பட்டது. மூன்று வாரத்துக்கு முன் கேட்டபோது லேடி டாக்டர்களுக்கெல்லாம் ஒரே நாளில் வேலை வந்துவிட்டது. தரை துடைத்துக்கொண்டிருந்த லூர்துமேரியைப் பேசிச் சம்மதிக்க வைத்தவள் மணிமொழிதான். படிவத்தில் ‘உடல்நிலை’ என்ற இடத்தில் ‘ஆரோக்கியமானவர்’ என்று முன்பே அச்சடித்திருந்தது. சிலுவைச் செயினைக் கழற்றி மணிமொழி கையில் கொடுத்துவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.

பழைய காயிலில் ஒன்றும் தெரியவில்லை. புதியதில், இடதுபக்க மார்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. மணிமொழி காட்டியதும் டாக்டரின் முகம் மலர்ந்தது. அதையே முதல் ஸ்லைடாகப் போடச் சொன்னார். ரிப்போர்ட் யார் எழுதுவது என்று அவள் கேட்டதற்கு, நோயாளிக்குத்தான் ரிப்போர்ட், தான் நோயாளி இல்லையென்று அந்தம்மாவே கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்றார். படத்துக்குப் பொருள் சொல்ல டெக்னீஷியனுக்கு உரிமையில்லை. அந்த விதியின் பின்னால் மணிமொழி மூன்று வாரம் ஒளிந்துகொண்டிருந்தாள்.

புள்ளியை நோக்கி ஒரு சிவப்பு அம்பு பறந்துவந்து நின்றது. அரங்கம் கைதட்டியது. எத்தனை மில்லிமீட்டர் என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்ததும் லூர்துமேரி தட்டைக் கீழே வைத்தாள்.

“கை தட்னாங்க பாத்தியா மணி. என் கல்யாணத்துல கூட எவனும் தட்டல.”

“அக்கா…”

“அந்த செவப்பு அம்பு இன்னாத்துக்கு? இங்க நல்லா கீதுன்னா?”

“உங்க கூட கொஞ்சம் பேசணும்க்கா.”

“பேசலாம் இரு. அவுங்க அணைக்கறதுக்குள்ள ஒரு போட்டோ எடு. பேருதான் போடல. என் பொண்ணு டயானாவுக்காச்சும் தெரியட்டும்.”

போனை அவள் கையில் திணித்துவிட்டுப் போய்த் திரைக்கு முன்னால் நின்றாள். படம் அவளுடைய நீலச் சீருடையின் மேல் விழுந்தது. அம்பு வலது தோளில் கிடந்தது.

“இன்னும் தள்ளிக்கணுமா?”

மணிமொழி போனை உயர்த்திப் பிடித்தாள். லூர்துமேரி சிரித்தபடியே ஓர் அடி நகர்ந்தாள், இன்னும் ஓர் அடி. சிவப்பு அம்பு அவள் சீருடைமேல் மெல்ல ஊர்ந்து, இடதுபக்கம் வந்து நின்றது.