இலக்கண ஒப்பாரி

கணக்கில் பாஸ். இங்கிலீஷில் பாஸ். தமிழில் பெயில். பிறந்ததிலிருந்து தமிழைத் தவிர வேறெதுவும் பேசாத எனக்கு இப்படி மார்க் போட்ட மகராசன் நன்றாக இருக்கட்டும். எல்லாம் இந்த இலக்கணத்தால் வந்த வினை. பிள்ளையிடம் "பால் குடி" என்கிறோம், அதுவும் குடிக்கிறது. அதற்குள் ஒரு வேற்றுமைத்தொகை ஒளிந்திருக்கிறதாம். அதை யார் ஒளியச் சொன்னது?

1983-இல், கல்லங்குறிச்சிப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் பால்வாடி வரப்போகிறது என்றார்கள். டீச்சர் வேலைக்கு உள்ளூர்ப் பெண் வேண்டும், பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும். அக்டோபரில் தமிழ் இரண்டாம் தாளை மட்டும் எழுதித் தேறினால் வேலை எனக்கு. தேறாவிட்டால் மழை பெய்த வருஷம் சொந்தக் கொல்லையில் வெள்ளாமை, பெய்யாத வருஷம் கூலி வேலை. என் புருஷன் அண்ணாதுரை சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனர். லாரி ஓடினால்தான் அவருக்குச் சம்பளம்.

புத்தகத்தை எடுத்தால் எரிச்சலாக வந்தது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று சத்தமாகப் படித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் புருஷன் நிமிர்ந்து பார்த்து, "யாரைத் திட்டுற?" என்றார். படித்தது அடுப்பு ஊதும் நேரத்துக்குள் மறந்துவிடும். சினிமாப் பாட்டு மெட்டில் போட்டுப் பார்த்தேன். பாட்டு மனசில் நின்றது, இலக்கணம் ஓடிவிட்டது.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது ஒப்பாரி மெட்டுதான். என் அம்மா எங்கள் ஊரில் எந்தச் சாவுக்கும் முன்னால் நின்று பாடுகிறவள். அந்த மெட்டு என் ரத்தத்திலேயே ஊறியிருந்தது போலும். ஒருநாள் மத்தியானம் அம்மியில் அரைத்தபடி இழுத்துப் பாடினேன்.

"வேற்றுமையும் வினைத்தொகையும், என் ராசாவே, பண்போட உவமையுமே,
உம்மையோட அன்மொழியும், என் ராசாவே, ஒண்ணாச்சே ஆறு தொகை!"

அப்படியே ஒட்டிக்கொண்டது. சந்தோஷத்தில் குரலை உயர்த்தி ஆகுபெயருக்குப் போனேன்.

என் மாமியார் பச்சையம்மாள் இரண்டு நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தது ஊருக்கே தெரியும். அது எனக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. பக்கத்துக் கொல்லையில் கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த வீராயி அக்கா, களைக்கொட்டைப் போட்டுவிட்டுத் தலையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே நாலைந்து பெண்கள். நான் வாய் திறப்பதற்குள் என்னைக் கட்டிப் பிடித்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தர் மாலை வாங்க அரியலூருக்கு சைக்கிளை எடுத்துவிட்டார்.

"அள்ளிக் கொடுத்த கையே, அம்மா, அடங்கிப் போனியளே!" என்று வீராயி அக்கா பாடினாள்.

"உப்பு கேட்டாக்கூட குடுக்காதவன்னு போன வாரம்தானடி என்னைய ஏசுன?" என்றபடி போர்வையோடு வாசலில் வந்து நின்றாள் மாமியார்.

வீராயி அக்காவுக்கு அழுகை பாதியில் நின்றது. மற்றவர்கள் சிரிக்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றார்கள். எல்லோரும் கலைந்ததும் மாமியார் என் பக்கம் திரும்பினாள்.

"உசுரோட ஒருத்தி இருக்கிற வூட்ல ஒப்பாரி வெக்கிறியா? ஆகாதுடி! என்னைய அனுப்பிட்டுதான் உத்தியோகம் பாப்பியா?"

புத்தகத்தைப் பிடுங்கிப் பரணில் எறிந்தாள். வீடு முழுக்க மஞ்சள் தண்ணி தெளித்தாள். எனக்கும் பொறுமை போய்விட்டது.

"வேல கெடைச்சா சம்பளம் எனக்கு மட்டுமா வரப்போவுது? எனக்கு இந்த மெட்டுலதான் மண்டையில ஏறுது அத்த! நான் என்ன பண்ணுவேன்? பரீச்ச அடுத்த வாரம்!"

பாடக்கூடாது என்றதும் பாடமும் போய்விட்டது. ஆறு தொகையில் நாலுதான் தேறியது. நான் அழுதேன், வேறென்ன செய்ய?

மறுநாள் சாயங்காலம் மாமியாரே பரணில் ஏறிப் புத்தகத்தை எடுத்துத் தட்டினாள். "வா" என்று மட்டும் சொன்னாள். எங்கள் கொல்லையின் கடைசி வரப்புக்கு நடந்தாள். மாமனாரைப் புதைத்த இடம் அது. மேட்டில் ஒரு செங்கல், பக்கத்தில் ஒரு நுணா மரம்.

"செத்தவரு இவருதான். இவருக்குப் பாடு. இதுல தோசமில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பாடினேன். தொகை ஆறும் வந்தது. பொருளும் இடமும் காலமும் ஆகுபெயராகி வந்தன. ஒவ்வொரு வரியிலும் "என் ராசாவே" வந்தபோது மாமியாரின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். பாட்டு நின்றுவிட்டது.

"அத்த, இது வெறும் இலக்கணம்."

"தெரியும்டி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இவரு செத்த அன்னைக்குத்தான் உன் புருசன் பொறந்தான். பச்ச ஒடம்புக்காரி எழவுல நிக்கக்கூடாதுன்னு என்னைய உள்ள வெச்சுச் சாத்திட்டாங்க. ஊரே பாடுச்சு. நான் ஒரு வரி பாடல. நிறுத்தாத, மேல பாடு."

பரீட்சை வரைக்கும் தினமும் சாயங்காலம் போனோம். நான் அணிகளைப் பாடினேன், அவள் அழுதாள். பரீட்சையன்று அரியலூரில் பேனாவை மூடிக்கொண்டு முணுமுணுத்த என்னை, மேற்பார்வைக்கு வந்த சார் இரண்டு தடவை முறைத்தார். கேட்டதையெல்லாம் எழுதினேன்.

ரிசல்ட் வந்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரைக்கும் ஓடினேன்.

"அத்த, பாஸாயிட்டேன்! வேல எனக்குத்தான்!"

மாமியார் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். சிரித்தாள். பிறகு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"அப்ப இனிமே அங்க வந்து பாட மாட்டியா?"

கையோடு அன்றைக்கே புத்தகத்தை அடுப்பில் போட நினைத்திருந்தேன். போட முடியவில்லை. பாஸான பிறகும் சாயங்காலமானால் வரப்பில் உட்கார்ந்து இலக்கணம் படித்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.