இடது காதில் பழைய கோப்பு

பேருந்து மேம்பாலத்தில் ஏறி இறங்கியபோது என் இடது காது 'டப்'பென்று திறந்துகொண்டது. நான்கு நாள் சளி. ஜன்னல் கண்ணாடியின் கடகடப்பு, பின்னாலிருந்தவரின் செருமல் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்து விழுந்தன. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா அடுத்த நிறுத்தம் வரைகூடத் தாங்கவில்லை. நேற்று நான் ஒப்புதல் கொடுத்த கோப்பு ஞாபகம் வந்தது.

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. மென்பொருள் எழுதுவது பிழைப்பு. குழந்தைகள் வார்டில் கட்டிலருகே இருக்கும் கருவிகளுக்கான மென்பொருள். யாராவது அதில் கை வைத்து ஒரு வரியை மாற்றினாலும், பழைய கோப்பையும் புதிய கோப்பையும் இரண்டு பேர் ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பிறகுதான் மருத்துவமனைகளுக்குப் போகும். ஒரு ஆள் நான். இன்னொருவருக்கு அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு இடைவெளி கூடுதலாக இருந்தாலும் விடமாட்டார்.

அலுவலகம் வாங்கி வைத்திருந்த ஒப்பீட்டு மென்பொருள் நீக்கிய வரியைச் சிவப்பிலும் சேர்த்த வரியைப் பச்சையிலும் காட்டும். காட்டட்டும், எனக்கென்ன? திரையைப் படித்துச் சொல்லும் குரலுக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுப் போகும். மூன்று மாதம் கத்திப் பார்த்தேன். "அடுத்த பதிப்புல வரும்" என்றார்கள். போங்கடா என்று நானே ஒன்று எழுதிக்கொண்டேன். பழைய கோப்பு இடது காதில், புதியது வலது காதில், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். வரிகள் ஒன்றாக இருந்தால் குரல் நடுமண்டையில் ஒற்றையாகக் கேட்கும். ஒரு எழுத்து மாறினாலும் இரண்டாகப் பிரிந்து முட்டிக்கொள்ளும். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதை அலுவலகத்தில் பயன்படுத்த அனுமதி வாங்க இன்னொரு ஆறு மாதம் ஆனது.

நேற்று இடது காதில் வெறும் முணுமுணுப்புதான் கேட்டது. ஒலியைக் கூட்டினேன். கடைசியில் புதிதாகச் சேர்த்த வரிகள் வலது காதில் சரியாக வந்தன, அதற்கு முன் எங்கும் முட்டவில்லை. முட்டுவதற்கு இரண்டு குரல் வேண்டுமே. காது அடைத்திருக்கிறது, நாளைக்குப் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண்தான் இல்லை, இப்போது காதுமா என்று நினைத்துவிடுவார்களோ என்ற வீம்பு. காலையிலேயே அக்கா ஆவி பிடிக்கச் சொன்னாள், அதையும் கேட்கவில்லை. "பாத்துட்டேன் மேடம், சரியா இருக்கு" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கோப்பு இன்று பத்து மணிக்குக் கிளம்புகிறது. மேலாளரைக் கைபேசியில் இரண்டு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பேருந்து ஒவ்வொரு சிக்னலிலும் பாடம் படிப்பதுபோல் நின்றது. பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினேன். அலுவலக வாசலில் இறங்கியபோது ஒன்பது நாற்பத்தெட்டு. மறுபடி கேட்க நாற்பது நிமிடம் வேண்டும், இருப்பதோ பன்னிரண்டு. சும்மா இருந்துவிடலாம் என்றும் மனசு சொன்னது. தப்பே இல்லாமலும் இருக்கலாம். மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் மூன்று மாடியையும் படியில் ஏறினேன். ஒரு முறை கோல் தவறிப் படியில் முட்டி இடித்தது.

"மேடம், அதை நிறுத்துங்க" என்றேன், மேலாளரின் அறைக்குள் மூச்சு வாங்க நின்று.

"என்னம்மா ஆச்சு? தப்பு ஏதாவது கண்டுபிடிச்சியா?"

"இல்ல. தப்பு இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது. நேத்து இடது காது அடைச்சிருந்துச்சு. பழைய கோப்பு எனக்குக் கேக்கவே இல்ல. கேக்காமயே சரின்னு சொல்லிட்டேன்."

என் முகம் எரிந்தது. ஆறு மாதம் போராடி வாங்கிய அனுமதியை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று தெரிந்தது.

மேலாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "பத்து மணிக்கு அனுப்ப வேண்டாம்" என்று யாரிடமோ தொலைபேசியில் சொன்னார். பிறகு என்னிடம், "இங்கயே உக்காந்து கேளு" என்றார்.

கேட்டேன். முதல் இருபது நிமிடம் குரல் நடுமண்டையில் அசையாமல் நின்றது. பட்ட அவமானத்துக்கு ஈடாகவாவது ஒரு தப்பு கிடைக்காதா என்று ஒரு நொடி நினைத்தேன், அப்படி நினைத்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன். இருபத்தாறாவது நிமிடத்தில் குரல் பிளந்தது. இடதில் பதினைந்து, வலதில் நூற்றைம்பது. திரும்ப ஓட்டினேன். அதே பதினைந்து, அதே நூற்றைம்பது. குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் எத்தனை நொடி கழித்து மணி அடிக்க வேண்டும் என்று சொல்லும் வரி அது. யாரோ ஒரு சைபரைக் கூடுதலாகத் தட்டியிருந்தார்கள்.

மேலாளர் பூதக்கண்ணாடியைக் கூப்பிட்டார். "நீங்களும் ஒப்புதல் குடுத்திருக்கீங்க. இது உங்க கண்ணுல படலையா?"

அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நீ பாத்தா தப்பாதும்மா. நீ சரின்னு போட்டிருந்த. நான் கோப்பைத் திறக்கவே இல்ல."

எனக்கு அவரை அறையவும் தோன்றியது, அழவும் தோன்றியது. காது அடைத்திருந்தும் நான் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எப்படியும் பூதக்கண்ணாடி பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். அதையும் சொன்னேன். மறைத்து இனி என்ன ஆகப்போகிறது.

"நடந்தது நடந்தபடி ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க" என்றார் மேலாளர். என் மென்பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்.

மதியம் அதில் ஒன்றைச் சேர்த்தேன். தொடங்கும்போது இடது காதில் ஒரு எண் சொல்லும், வலது காதில் வேறொரு எண் சொல்லும். இரண்டையும் சரியாகத் தட்டினால்தான் கோப்பு திறக்கும். சோதித்துக்கொண்டிருந்தபோது பூதக்கண்ணாடி வந்து பக்கத்தில் நின்றார்.

"எனக்கும் இப்படி ஒண்ணு எழுதித் தருவியாம்மா?"

"முதல்ல கோப்பைத் திறங்க சார். அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

சாயங்காலம் வீடு திரும்பும் பேருந்தில் இரண்டு காதும் நன்றாகவே கேட்டன. நூற்றைம்பது நொடி எவ்வளவு நேரம் என்று எண்ணிப் பார்க்கலாம் என்று தொடங்கினேன். பதினைந்து வந்தது, போனது. ஒரு நிறுத்தம் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், வண்டி கிளம்பியது. அறுபத்து மூன்றுக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை.