உயிரோடு லியாவ், இறந்தால் ஜாங்

லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் இருக்கும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. வீட்டு வாசலில் மாட்டப் பெயர்ப்பலகை கேட்டு வருகிறவர்கள் ஒரு வகை. இறந்தவருக்குப் பெயர்ப்பலகை கேட்டு வருகிறவர்கள் மற்ற வகை. பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டும் மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். 2009 வைகாசியில் ஊரில் சண்டை எல்லாம் முடிந்துபோன பிறகு இரண்டாவது வகைதான் அதிகம். படத்தைக் கொண்டுவந்து நீட்டி, கீழே பெயர் வெட்டித் தரச் சொல்வார்கள். சில பெயர்களை வெட்டும்போது என் கணவர் மெஷினை நிறுத்திவிட்டுப் பின்வாசலில் போய் நிற்பார்.

என் பெயர் சிவனேஸ்வரி. என் கணவரை லண்டனில் எல்லோரும் தேவராசா என்றுதான் அறிவார்கள். அது அவருடைய பெயர் இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் கையில் திணித்த பாஸ்போர்ட்டில் இருந்த பெயர். அந்தத் தேவராசா யார், இருக்கிறாரா செத்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. ஜேர்மனியில் அந்தப் பெயரில் பதிந்தார்கள், லண்டனிலும் அதுவே தொடர்ந்தது. கடை, வீடு, பிள்ளைகளின் சேர்ட்டிபிக்கேட் எல்லாம் தேவராசா. பெற்றவர்கள் வைத்த பெயர் நித்தியானந்தன். அது இந்த ஊரில் எனக்கு மட்டுமே தெரியும். நானோ புருஷன் பெயரை வாயால் சொல்லாத வளர்ப்பு. இங்கே எழுதுகிறேன், எழுதுவது வேறு. "இஞ்சாருங்கோ" என்றால் அவர் வருவார். அதற்கு மேல் ஒரு பெயர் எனக்குத் தேவைப்பட்டதும் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததும் இல்லை.

புரட்டாசி மாதம் லியாவ் என்றொரு வயதான தாய்வான்காரர் கடைக்கு வந்தார். கோலியர்ஸ் வுட்டில் தனியாக இருந்தார். பழுப்புநிறத் தொப்பி, வெயில் என்றாலும் கழற்றாத கோட். மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பலகை வேண்டும் என்று இரண்டு கடதாசிகளை நீட்டினார். ஒவ்வொன்றிலும் தூரிகையால் எழுதிய ஒரு சீன எழுத்து. ஒன்று வீட்டு வாசலுக்கு, மற்றது மனைவியின் கல்லறைக்கு என்றார். எனக்கு இரண்டும் வைக்கோல் சிதறிக் கிடந்த மாதிரித்தான் இருந்தது.

ஒரே குடும்பத்துக்கு ஏன் இரண்டு பெயர் என்று கேட்டது என் வாய்தான். அவர் இருந்த கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கேட்க ஆளில்லாமல் பல நாள் இருந்தவர் என்று அதிலேயே தெரிந்தது.

அவர்களுடைய முன்னோர் ஒருவர், ஜாங் குடும்பத்துப் பையன், அறுநூறு வருஷத்துக்கு முன் லியாவ் என்ற வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனாராம். மாமனாருக்கு ஆண் பிள்ளை இல்லை. சொந்தப் பிள்ளை மாதிரி வைத்துக் காப்பாற்றிய அந்த வீட்டின் பெயரையும் விட முடியவில்லை, பெற்ற வீட்டின் பெயரையும் விட முடியவில்லை. சாகும்போது மகனைக் கூப்பிட்டு, என் வம்சம் உயிரோடு இருக்கும்வரை லியாவ் என்று இருக்கட்டும், இறந்தபின் ஜாங் என்று ஆகட்டும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அன்றிலிருந்து அந்த வம்சத்தில் பிறந்தவர்களும் அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்களும் வாழும்போது லியாவ், கல்லறையில் ஜாங். இப்போது இரண்டையும் சேர்த்து ஒரே குடும்பப் பெயராகப் பதிகிறவர்களும் உண்டாம். அரிதான பெயர் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

எங்கே எல்லாம் இருக்கிறார்கள் என்று என் கணவர் கேட்டார். பெரியவர் மேசையில் கிடந்த பழைய பேப்பரின் ஓரத்தில் படம் கீறினார். சீனாவின் தென்கிழக்குக் கரையில் ஃபூஜியன் மாகாணம், அதன் மூலையில் ஜாவ்ஆன் என்ற இடம். அங்கே ஒரு கொத்துப் புள்ளி. கடலைத் தாண்டித் தாய்வானில் இரண்டு மூன்று கொத்து. மிச்சமெல்லாம் வெறும் வெள்ளை. எங்கோ தள்ளி லண்டன் என்று ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஒற்றைப் புள்ளி வைத்தார். அது நான், என்றார்.

என் கணவர் பேனாவை வாங்கி அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டு பல காலம்.

"இது நான். நானும் உங்கடை ஆள்தான் ஐயா," என்று முதலில் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் விளக்கினார். உயிரோடு தேவராசா, செத்தால் நித்தியானந்தன். செத்த பிறகு போடும் அறிவித்தலில் சொந்தப் பெயரைத்தான் போடவேண்டும் என்று என்னிடம் பலமுறை சொன்னதை அந்த மனுஷனிடமும் சொன்னார். நான் கடைக்குப் பின்னால் இருந்த அடுப்படிக்குப் போய் ரோல்ஸ் சூடாக்கினேன். பெரியவர் மாட்டிறைச்சியா என்று கேட்டார். அவர்கள் வம்சத்தில் மாடு சாப்பிடக்கூடாதாம். ஆட்டிறைச்சி என்றதும் இரண்டு எடுத்துக்கொண்டார். அதோடு எனக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று.

சாப்பிட்டுக்கொண்டே என் கணவரின் பெயரைச் சொல்லிப் பழகினார். நி, தி, ஆ, நான் என்று துண்டு துண்டாகத்தான் வந்தது. நாங்கள் சிரித்தோம். திடீரென்று அவர் நிறுத்தி, கையைத் துடைத்தார். அவருடைய தாய் ஒன்று சொல்வாராம். வம்சத்தில் எல்லோரும் நம்புவதில்லை, அது அவர்கள் வீட்டுப் பேச்சு மட்டும். கூட்டிப்போக வருகிறவர்கள் வாழ்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இறந்தபின் உள்ள பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஓம் என்று பதில் சொன்னால் போகவேண்டியதுதான். அதனால் அந்தப் பெயரை வீட்டில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. உங்கள் பெயரை இத்தனை தரம் சொல்லிவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்று என் கணவரிடம் தலை குனிந்தார். என் கணவர் கையை வீசி, அதெல்லாம் ஒன்றுமில்லை, கேட்க நல்லாய் இருந்தது என்றார்.

பலகைகளை அந்த வாரமே வெட்டினோம். ஒன்று பெரிது, ஓரத்தில் பூவேலை. மற்றது சின்னது, வெறும் எழுத்து. பெரியவர் எது எதற்கு என்று தெளிவாகத்தான் சொல்லியிருந்தார், கடதாசிகளின் மூலையில் ஆங்கிலத்தில் குறித்தும் இருந்தார். ஆனால் வெட்டி முடித்துக் கடதாசிகளை எடுத்துவைத்த பிறகு எங்கள் மூளை எங்கள் வழியில்தான் ஓடியது. நாங்கள் எரிக்கிற ஆட்கள். கல்லறை, கல் என்று எங்களுக்கு ஒன்றும் கிடையாது. வீட்டு வாசல்தான் எல்லாம். லோன் எடுத்து வாங்கின வீட்டுக்குக் கோவில் வாசல் மாதிரிப் பலகை கேட்கும் சனம் நாங்கள். பூவேலை போட்ட பெரிய பலகை கல்லறைக்குப் போகும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. என் கணவர் சின்னதைக் கல்லறையில் பதித்துவிட்டு, பெரியதைக் கொண்டுபோய் அவருடைய வாசலில் பூட்டினார். பெரியவருக்கு அப்போதுதான் கண் ஒப்பரேஷன் ஆகியிருந்தது. கட்டோடு உள்ளே உட்கார்ந்திருந்தவர், எழுந்து வராமல் அங்கிருந்தே நன்றி சொன்னாராம்.

சில நாள் கழித்து அவர் கடைக்குப் போன் எடுத்தார். குரல் தாழ்ந்திருந்தது. மத்தியானத்தில் யாரோ கதவடியில் வந்து தட்டுகிறார்கள் என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும் என்றேன். இல்லை, எங்கள் ஊர்ப் பாஷை பேசுகிறார்கள், ஜாங் ஐயா இருக்கிறாரா என்று கேட்கிறார்கள், நான் பேசாமல் இருக்கிறேன் என்றார். தபால்காரனைக் கேட்டாலும் இங்கே யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது என்றும் சொன்னார். எந்தப் பலகையை எங்கே பூட்டினோம் என்ற சந்தேகம் எனக்கு அப்போதுதான் வந்தது.

அவர் தந்த கடதாசிகளைத் தேடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கோலியர்ஸ் வுட்டில் அவருடைய கதவு முன் நின்று, கடதாசியில் இருந்த எழுத்தையும் பலகையில் இருந்த எழுத்தையும் கோடு கோடாக ஒப்பிட்டுப் பார்த்தேன். கல்லறைக்கு என்று தந்த எழுத்து உயிரோடு இருக்கிற மனுஷனின் வாசலில் பளபளத்துக்கொண்டு இருந்தது. கழற்ற நகத்தால் ஏலவில்லை. தட்டினேன். உள்ளே கதிரை நகர்ந்த சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. நான்தான், மிச்சத்துக் கடைக்காரி என்று கத்தினேன். அவர் திறக்கவில்லை. பயந்துபோன மனுஷன் எந்தக் குரலையும் நம்பவில்லை.

கடைக்கு ஓடிவந்து ஸ்குரூ டிரைவரோடு என் கணவரைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனபோது, வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். பெரியவரின் கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசலை ஒட்டிய கதிரையில் அவர் இருந்தார். கோட் போட்டு, சப்பாத்து நாடாவும் கட்டி, தொப்பியும் வைத்து, ஊருக்குப் புறப்பட்ட ஆள் மாதிரி இருந்தார். கண் கட்டை அவரே கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தார். உயிர் இல்லை. அம்புலன்சுக்குக் காத்திருந்தபோது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி அவர் உரக்க யாருக்கோ பதில் சொன்னது கேட்டது என்றாள். மகிழ்ச்சியான குரல் என்றாள்.

என் கணவர் அந்தப் பலகையைக் கழற்றிக் கல்லறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார். லியாவ் என்று வெட்டியதைக் கடைக்குக் கொண்டுவந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மெஷினுக்குக் கீழே வைத்தோம். வாழ்கிற பெயருக்கு இப்போது லண்டனில் ஆளில்லை. அதற்குப் பிறகு என் கணவர் அடிக்கடி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பார். வெகுநாளாக இருந்த இரத்தக்குழாய் அடைப்புத்தான். டொக்டர்மார் அடுத்த திங்கள் நெஞ்சு ஒப்பரேஷன் என்று நாள் குறித்தார்கள். எனக்குப் பயம். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்த மனுஷன் இல்லாமல் எப்படி என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டு இருந்தபோது அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இஞ்சாரும், ஒருக்கா என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடும்," என்றார்.

விசர்க்கதை கதையாதேங்கோ என்றேன். அவர் விடவில்லை.

"அந்தக் கிழவன் துண்டு துண்டாய்ச் சொல்லேக்கை எனக்குக் கண்ணிலை தண்ணி வந்தது. அம்மா போனபிறகு ஒருத்தரும் கூப்பிடேல்லை. நாளைக்கு மயக்க மருந்து தரேக்கை அவங்கள் தேவராசா எண்டுதான் கூப்பிடுவாங்கள். நான் எந்த ஆளாய்ப் போறன் எண்டு எனக்கே தெரியாமல் கிடக்கு."

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் கோட் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் கண்முன் வந்தார். ஒப்பரேஷன் முடியட்டும், வீட்டுக்கு வந்தபிறகு நாள் முழுக்கக் கூப்பிடுறன் என்று சிரித்துச் சமாளித்தேன். அவரும் சிரித்தார். அவருக்கு அது போதவில்லை என்று எனக்குத் தெரியும்.

திங்கள் காலை, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அரைகுறையாகக் கிடந்த ஒரு வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று கடைக்கு வந்தார். நானும் கூடப் போனேன். அவர் பின்னறையில் மெஷினில் இருந்தார். நான் முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நல்ல வெளிச்சம், தெருவில் பஸ் போகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். கதவில் கட்டியிருந்த மணி அடித்தது. திறந்த கதவில் ஒருவரும் இல்லை. பெயிண்டில் எழுதிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பழுப்புநிறத் தொப்பி மட்டும் தெரிந்தது.

"நித்தியானந்தன் இருக்கிறாரோ?"

தமிழில் கேட்டது. எங்கள் ஊரில் படலைக்கு வெளியே நின்று கூப்பிடுகிற மாதிரி, ஒரு எழுத்தும் உடையாமல் வந்தது. பெரியவர் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு பெயரைச் சொல்லிப் பழகியபோது அந்தக் குரலை நான் கேட்டிருந்தேன்.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

பின்னறையில் மெஷின் நின்றது.

"ஓம், நான்தான்," என்றார் என் கணவர். "வாறன்."

அவர் வெளியே வந்தபோது முகத்தில், அந்தப் பேப்பரில் புள்ளி வைத்த நாளின் சிரிப்பு. கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டே நடந்தார். நான் குறுக்கே போய்க் கையைப் பிடித்தேன். "விடும், என்னைக் கூப்பிடுகினம்," என்றார், கோபம் இல்லாமல். வாசற்படியில் கால் வைத்த இடத்தில் மடிந்து விழுந்தார். வெளியே தொப்பி இல்லை, தெரு மட்டும்தான் இருந்தது.

அம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். பெயர் என்ன என்று கேட்டார்கள். நான் யோசிக்கவில்லை, தேவராசா என்றேன். "மிஸ்டர் தேவராசா, கேட்கிறதா? மிஸ்டர் தேவராசா?" என்று கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார்கள். இன்னும் கூப்பிடுங்கோ, விடாமல் கூப்பிடுங்கோ என்று நான் தமிழில் கெஞ்சினேன். அவர்களும் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்கு அங்கே யாரும் இருக்கவில்லை.

கடைசியில் நான் குனிந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, அவர் காதுக்குள் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கு அவர் ஏற்கெனவே ஓம் சொல்லிவிட்டார், வேறொருவருக்கு.