மாவிலை கட்டிய கிணறு

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் டீசல் மணக்கிறது என்று சொல்லி ஒரேயொரு அதிகாரியை வரவழைக்க எனக்குப் பதினொரு மாதம் எடுத்தது. அவர் வருவதற்கு முதல்நாள் எங்கள் ஊர்ச்சனம் அந்தக் கிணற்றை என்ன செய்து வைத்தது என்று சொல்கிறேன். நினைத்தாலே எனக்கு மண்டை கொதிக்கும். அதனால் இடையில் யாரையாவது திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேப்பங்குடா திருகோணமலைத் துறைமுகத்தின் உட்பக்கத்தில் இருக்கிறது. மொத்தம் பன்னிரண்டு வீடுகள். முன்னால் கடல், பின்னால் வீதி. வீதிக்கு அடியால் ஓர் எண்ணெய்க் கொம்பனியின் குழாய் கப்பல்துறையிலிருந்து மேட்டிலுள்ள தாங்கிகளுக்குப் போகிறது. குடாவில் எந்த இடத்தில் தோண்டினாலும் உவர்த்தண்ணீர்தான் வரும். எங்கள் வீட்டு வளவுக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். பன்னிரண்டு வீடும் அதில்தான் அள்ளும். நான் அந்தத் தண்ணீரில் மா குழைத்து இடியப்பம் அவித்து, தினமும் காலையில் பட்டணத்தில் ஜவாஹிர் நானாவின் சாப்பாட்டுக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பதினாறு வருடமாக அதுதான் என் தொழில்.

ஒருநாள் தட்டு அப்படியே திரும்பி வந்தது. பின்னாலேயே ஜவாஹிர் நானாவும் வந்தார்.

"தங்கச்சி, கோவிக்காதீங்க. இடியப்பத்துல டீசல் மணக்குதெண்டு ரெண்டு பேர் சாப்பிடாம எழும்பிப் போயிட்டாங்க. நான் நம்பல்ல. பொறகு நானே ஒண்ட வாயில வச்சுப் பார்த்தன்."

நான் நேரே கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீரின் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு படை மினுங்கியது. சுவரைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் இருந்தது. முதலில் படகு இயந்திரத்தைக் கழுவிய வாளியை யாரோ உள்ளே விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்து ஊரையே ஏசினேன். மழை பெய்யப் பெய்ய அந்தப் படை தடித்தது. வாளியில் வந்த எண்ணெய் மழைக்குக் கூடுமா? குழாய் எங்கேயோ கசிகிறது. இது எனக்கு விளங்கியது. விளங்க வேண்டியவர்களுக்கு விளங்கவில்லை.

எத்தனை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினேன் என்று கேளாதீர்கள். ஒரு கந்தோரில், கிணறு என்றால் மற்றக் கந்தோர் என்றார்கள். மற்றக் கந்தோரில், எண்ணெய் என்றால் முதல் கந்தோர் என்றார்கள். ஒரு போத்தலில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போய் ஓர் எழுதுவினைஞரின் மேசையில் வைத்தேன். மூடியைத் திறந்து மணந்துபார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு கதிரையைப் பின்னால் தள்ளினார், அதன்பிறகு, "இதை ஆதாரமா எடுக்க ஏலாது அம்மா. நீங்களே ஊத்தியிருக்கலாம்தானே. எங்கட ஆள் வந்து, எங்கட போத்தலில எடுக்க வேணும்" என்றார்.

கொம்பனிக்காரர் தங்கள் குழாயில் கசிவே இல்லை என்று கடிதம் போட்டார்கள். கசிவே இல்லை என்றவர்கள், 'சமூக நலன் கருதி' என்று கிழமைக்கு மூன்று தடவை பவுசர் லொறியில் குடிதண்ணீர் அனுப்பினார்கள். வீட்டுக்கு நான்கு வாளி. அதை வைத்துப் பாதி இடியப்பமாவது அவித்தேன். ஜவாஹிர் நானாவும் நல்ல மனிதர், பாதியைத் தொடர்ந்து எடுத்தார்.

பதினோராம் மாதம் கடிதம் வந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வந்து தண்ணீர் மாதிரி எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை, நான் செயலாளராக இருக்கிற கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதை உரத்து வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். சங்கத் தலைவர் முருகேசு அண்ணை எழுந்து, "செயலாளர் தங்கச்சி கஷ்டப்பட்டு எடுத்த காரியம். இனி எங்கட பங்கை நாங்கள் வடிவாச் செய்வம்" என்றார். அந்த நேரமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இலங்கைத்துறையில் சின்னம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம் இருந்தது. திங்கட்கிழமை பஸ் ஏறினேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒழுங்கைக்குள் கால் வைத்தபோது, பிழையான ஊருக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஒழுங்கை முழுவதும் கடற்கரை வெள்ளை மணல் தூவியிருந்தது. எங்கள் படலையில் வாழை கட்டியிருந்தது. உள்ளே நிறைகுடம், பக்கத்தில் குத்துவிளக்கு. கிணற்றுக்கட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து, கப்பிக் காலிலிருந்து மறுகாலுக்கு மாவிலைத் தோரணம் இழுத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். ஒரு துளி எண்ணெய் இல்லை. அடிமணல் தெரிந்தது. என் முகம் தண்ணீரில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. கிணற்றிலிருந்து புளீச்சிங் பவுடர் மணம் எழும்பி மூக்கில் அடித்தது.

"என்ன அண்ணை இது?"

முருகேசு அண்ணை வெள்ளை வேட்டியில், கையில் மாலையோடு நின்றார். "பாத்தியே பிள்ளை? ரெண்டு தண்ணிப் பம்ப் பூட்டி நேற்று முழுக்க இறைச்சனாங்கள். உன்ர மனுசன்தான் உள்ளுக்க இறங்கிச் சுவரெல்லாம் உரஞ்சினவர். பத்துப் பக்கெற் சவுக்காரத்தூள் முடிஞ்சுது."

"ஏன் இறைச்சனியள்?"

"வெளியால இருந்து ஒரு ஆள் வாறார். அந்த ஊத்தையை அப்பிடியே வைச்சுக் காட்டச் சொல்லுறியே?"

"அதைக் காட்டத்தானே அண்ணை அவரைக் கூப்பிட்டது!"

அவர் மாலையை மற்றக் கைக்கு மாற்றினார். "எண்ணெய் இருந்தா அவையின்ர மெசின் பிடிக்கும்தானே. துளியெண்டாலும் பிடிக்குமாம்" என்றார். பதினொரு மாதம் அலைந்து நான் கொண்டுவந்த ஆதாரத்தை அந்த மனிதர் பத்துப் பக்கெற் சவுக்காரத்தூள் போட்டுக் கழுவி ஊற்றியிருந்தார். அதுவும் அன்பினால். 

குணரத்தினம், அதாவது என் வீட்டுக்காரர், கமுகமரத்துக்குப் பின்னால் நின்று தலையைச் சொறிந்தார். விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"நான் சொன்னனான், வேண்டாமெண்டு. அவை கேக்கேல்லை."

"உள்ளுக்க இறங்கினது நீங்கள்தானே!"

"எங்கட கிணறு. நான் இறங்காம வேற ஆர் இறங்கிறது?"



சரியாகப் பத்து மணிக்கு அதிகாரி வந்தார். பெயர் தர்மிகன். முப்பது வயதுகூட இராது. ஜீப்பிலிருந்து இறங்கிய கையோடு மாலை விழுந்தது. குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினார். விளக்கில் ஊற்றியிருந்த தேங்காயெண்ணெயைத் தவிர அன்று அந்த வளவில் வேறு எண்ணெய் இல்லை. முருகேசு அண்ணை பேசினார். அவருடைய மனைவி சீதேவி அக்கா, பவுசர் தண்ணீரில் ஊற்றிய தேத்தண்ணியைக் கொண்டுவந்து கொடுத்தா. தர்மிகன் குடித்துவிட்டு, "நல்ல தேத்தண்ணி" என்றார். எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பிறகு அவர் கபில நிறக் கண்ணாடிப் போத்தல்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கறுப்புப் படை எண்டு எழுதியிருந்தனீங்கள் அம்மா."

"நேற்றுக் காலமை வரைக்கும் இருந்தது தம்பி."

"இப்ப எங்கை?"

வாழைமரங்களின் பக்கம் கையைக் காட்டினேன். இறைத்த தண்ணீர் அங்கேதான் போயிருந்தது. "அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போங்கோ" என்றேன். மண் எடுப்பதற்கு வேறு பிரிவு, வேறு பாரம் நிரப்ப வேண்டும் என்றார். "அப்ப பத்து நாள் கழிச்சு வாங்கோ" என்றேன். வந்த நாளில் உள்ளதைத்தான் எடுக்கலாம் என்றார். எடுத்தார். முத்திரை வைத்தார். சனம் மறுபடியும் கைதட்டியது.

வாழைமரங்கள் இரண்டு கிழமையில் பட்டுப்போயின. அறிக்கை வர ஆறு கிழமை எடுத்தது. எண்ணெய் எதுவும் காணப்படவில்லை. குளோரின் மாத்திரம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, குடியிருப்பாளர்கள் கிணற்றைப் பொறுப்பாகப் பராமரிக்க அறிவுறுத்தப்படுகிறார்கள். பொறுப்பாக! அதை வாசித்த நாள் நான் சோறு சமைக்கவில்லை. அதற்குள் கிணற்றில் நீலப்படை பழையபடி வந்து கிடந்தது. அடுத்த கிழமை, கொம்பனிக்காரர் அறிக்கையின் பிரதியைக் காட்டிப் பவுசரை நிறுத்தினார்கள். தண்ணீர் நல்லது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது, பிறகென்ன? கோயிலடிக் குழாயிலிருந்து சைக்கிளில் கலன் கலனாகக் குடிதண்ணீர் கொண்டுவந்தோம். அதை வைத்து இடியப்பம் அவிக்கக் கட்டுப்படியாகாது. ஜவாஹிர் நானா வேறு ஆளிடம் எடுக்கத் தொடங்கினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

மறுபடியும் கந்தோர். இந்தத் தடவை நேரே தர்மிகனின் மேசைக்குப் போனேன். நல்ல பிள்ளை, எழும்பிக் கதிரை தந்தார். நடந்ததையெல்லாம் கேட்டு, மேலிடத்தில் கதைத்து, இன்னொருமுறை மாதிரி எடுக்க அனுமதி வாங்கினார்.

"ஆனா திகதி சொல்லமாட்டன் அம்மா. மூண்டு மாதத்துக்குள்ள ஒருநாள் திடீரெண்டு வருவன். அதுவரைக்கும் கிணத்தை ஒருத்தரும் தொடக்கூடாது. இதுதான் கடைசித் தரம். இதிலயும் துப்பரவா இருந்தா உங்கட முறைப்பாட்டுக் கோவையை மூடிப்போடுவினம்."

"மூண்டு மாதம் ஏன் தம்பி? நாளைக்கே வாங்கோவன்."

"வாகனத்துக்கு டீசல் ஒதுக்கவேணும்."

"அதுதான் பிரச்சினையெண்டா ஒரு வாளி அள்ளித் தாறன், தம்பி."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து என் வேலை இதுதான். எண்ணெயைக் காவல் காப்பது. குசினியிலிருந்து கதிரையைத் தூக்கிக் கொண்டுபோய்க் கிணற்றடியில் போட்டேன். வாளியைக் கழற்றி அறைக்குள் வைத்துப் பூட்டினேன். பதினாறு வருடம் அந்தத் தண்ணீரில் ஒரு வேப்பிலை விழுந்தாலும் அள்ளி வெளியே போட்டவள் நான். இப்போது அதே தண்ணீரில் அழுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதைவிட ஒரு கேவலம் எனக்கு இருக்கிறதாகத் தெரியவில்லை.

எங்கள் சனமோ லேசில் விடுகிற சனம் இல்லை. சல்லியிலுள்ள முத்துமாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. வெளியூர்களிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து தங்குவார்கள். சீதேவி அக்கா தும்புத்தடியும் வாளியுமாக வந்து நின்றா.

"மேலால மட்டும் வழிச்சு விடுவமே சுலோ? கொழும்பில இருந்து மருமகளின்ர ஆக்கள் வருகினம். கை கால் கழுவ எண்டு வந்து எட்டிப் பாத்தா என்ன நினைப்பினம்?"

"எண்ணெய் கிடக்குதெண்டு நினைப்பினம்."

"எங்களைத்தான் சொல்லுவினம். ஊத்தைச் சனமெண்டு."

"இது எங்கட ஊத்தை இல்லை அக்கா!"

"எங்கட கிணத்துக்கதானே கிடக்குது" என்றா அவ.

நான் கத்திய கத்தில் வீதியால் போன முச்சக்கரவண்டி நின்று பார்த்துவிட்டுப் போனது. கிணற்றின் மேல் தகரத்தை இழுத்து மூடி, அதற்குமேல் நானே ஏறி இருந்தேன். ஐம்பதைத் தொடப்போகிறேன், கிணற்றின் மேல் அடைகாக்கிற கோழிபோல இருக்கிறேன். முருகேசு அண்ணை அந்தப்பக்கம் வந்தார், பார்த்தார், திரும்பிப் போனார். ஒரு கிழமை அவருக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

திருவிழா முடிந்து மூன்றாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலை, ஒழுங்கையில் ஜீப் சத்தம் கேட்டது.

இந்த இடத்தைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சத்தம் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கதிரையிலிருந்து துள்ளி எழும்பினேன். என் கை தானாகத் தும்புத்தடியை எடுத்தது. கிணற்றுக்கட்டைச் சுற்றிக் கிடந்த சருகுகளைக் கூட்டினேன். தகரத்தைத் தூக்கினேன். தண்ணீரின் மேல் விரல் தடிப்புக்குக் கறுப்புப் படை. கப்பிக் காலோடு ஒரு தேங்காய்ச் சிரட்டை கிடந்தது. அதைக் கயிற்றில் கட்டி மேலால் கொஞ்சம் வழித்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. முழுக்க இல்லை, கொஞ்சம். பார்க்க ஓரளவுக்கு இருக்கட்டுமே என்று. சிரட்டை கையில் இருக்கும்போதே தர்மிகன் படலையைத் திறந்தார்.

சிரட்டையை வேலிக்கு மேலால் எறிந்தேன். தும்புத்தடியையும் எறிந்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். மூக்கைப் பொத்தவில்லை, அது அவருடைய நல்ல குணம். போத்தலை இறக்கினார், கறுப்பாக நிரம்பி வந்தது. துடைத்து, முத்திரை வைத்து, பாரத்தை எடுத்தார்.

"கிணத்துச் சொந்தக்காரர் பெயர்?"

"சுலோஜனா குணரத்தினம்." பிறகு கேட்டேன். "எண்ணெய்ச் சொந்தக்காரரின்ர பெயர் எழுத அதில இடம் இருக்கே தம்பி?"

பாரத்தை இரண்டு பக்கமும் பிரட்டிப் பார்த்தார். "இல்லையம்மா. அது அறிக்கை வந்த பிறகுதான்."

போத்தலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை, மாலை போடவில்லை. வெள்ளை மணல் இல்லாத ஒழுங்கையில் அவர் ஜீப்பை நோக்கி நடந்தார். சப்பாத்தில் போத்தலிலிருந்து வடிந்த கறுப்புப் பிசின் ஒட்டியிருந்தது. நான் படலைவரைக்கும் போனேன். ஒரு வருடத்துக்கு மேலாக இந்த அதிகாரிகளிடம் சொல்வதற்கென்று எத்தனை கோபமான வசனங்களைச் சேர்த்து வைத்திருந்தேன்! அவர் ஏறி இருந்து கதவைச் சாத்தினார். நான் கண்ணாடிக்குக் கிட்டப் போய் வாயைத் திறந்தேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி, கிணறு இப்பிடி ஊத்தையாக் கிடக்குது."