மூலைக் கலயம்

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். காரணம் அப்புறம்தான் கிடைக்கும். அன்றைக்குக் காரணமே மூக்கு வழியாகத்தான் வந்தது. வரப்பில் நின்று மோந்து பார்த்தார். கள். சந்தேகமே இல்லை. இருபது வருஷம் குடித்த மூக்கு அது. விட்டுப் பதினெட்டு மாசம்தான் ஆகிறது.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தபோது, சட்டம் சொன்னதால் ஊரே குடியை விட்டது. நாச்சிமுத்து மட்டும் தானாக விட்டதாகச் சொல்லிக்கொண்டார். அதை நம்பி அவரையே மதுவிலக்குக் கமிட்டித் தலைவராக்கிவிட்டார்கள். குடிப்பதில் காட்டிய மும்முரம் மொத்தமும் குடிப்பவனைப் பிடிப்பதில் இறங்கியது.

அவர் காட்டுக்கு அடுத்தாற்போல் பன்னிரண்டு பனைகளை ஏறிக்கொண்டிருந்தான் மயில்சாமி. முன்பு கள் இறக்கியவன். இப்போது சர்க்கார் லைசென்ஸ் வாங்கித் தெளுவு இறக்குகிறான். கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டினால், பாளையிலிருந்து சொட்டுவது புளிக்காமல் தித்திப்பாகவே நிற்கும். அதுதான் தெளுவு. சுண்ணாம்பு இல்லையென்றால் விடிவதற்குள் கள். கள் என்றால் லைசென்ஸும் போச்சு, ஆளும் உள்ளே.

மூன்று நாள் வேலியோரம் ஒளிந்து பார்த்தார். மூன்று நாளும் மயில்சாமி மரம் இறங்கியதும் ஒரே ஒரு கலயத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்து, பள்ளத்துப் பக்கம் போனான். வெறுங்கலயத்தோடு திரும்பினான்.

“ஆருக்கோ ஊத்திக் குடுக்கறான்!” என்று கமிட்டியில் கத்தினார். “அதுவும் எம்மூக்குக்கு முன்னாலயே!”

மனுவில் ஐந்து பேர் கைநாட்டு வைத்தார்கள். அதில் நான்கு பேர் மயில்சாமியிடம் தினமும் தெளுவு வாங்கிக் குடிக்கிறவர்கள். நாச்சிமுத்துவே ஏழு மைல் நடந்து போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை ஏட்டு வேலுசாமி வந்தார். பள்ளத்தில் வைத்து மயில்சாமியைக் கையும் கலயமுமாகப் பிடித்தார். மோந்து பார்த்தார். ஒரு மடக்குக் குடித்து, “கள்ளுதான்” என்றார். சந்தேகம் தீர இன்னொரு மடக்கு.

“விக்கலீங்க சாமி, கொட்டறனுங்க!” என்றான் மயில்சாமி. “பத்துப் பதினஞ்சு நாளா தெனமும் ஒண்ணு புளிச்சுப் போகுது. என்ன எழவுன்னே தெரியலீங்க. ஆராச்சும் பாத்தா லைசென்சு போயிருமேன்னு பயந்துக்கிட்டு…”

ஏட்டு அவன் துண்டாலேயே அவன் கைகளைக் கட்டினார்.

வேலியோரம் மாற்றுக் கலயங்களுக்குச் சுண்ணாம்பு பூசி, குச்சிகளில் காயவைத்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி ராமாயி ஓடி வந்தாள்.

“ஏட்டையா, இன்னிக்கு அந்திக்குப் பாளை சீவோணுமுங்க. சீவலீன்னா காஞ்சு போயிருமுங்க. வருசத்துச் சோறு அந்தப் பன்னெண்டு மரத்துலதான் தொங்குது!”

“அதக் கோர்ட்டுல சொல்லு.”

ராமாயி திரும்பினாள். அங்கே கமிட்டி வரிசையாக நின்றிருந்தது.

“ஏனுங்க பண்ணாடி, பதினொண்ணு தித்திக்குது, ஒண்ணு புளிக்குது. கள்ளு விக்கறவன் ஒத்தக் கலயமா விப்பான்? உங்களுக்கு மட்டுமே அன்னைக்கு ஒரு கலயம் பத்தாதே!”

கைநாட்டுக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். நாச்சிமுத்துவின் மூக்கு மிளகாய்ப் பழமாயிற்று.

“வாய மூடு புள்ள! சுண்ணாம்பு பூசச் சோம்பல் பட்டா புளிக்காம என்ன பண்ணும்?”

“சோம்பலா?” அவள் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். சுண்ணாம்பு தின்று வெடித்த கைகள். “இதப் பாத்துட்டுச் சொல்லுங்க!”

பதில் வராத நேரத்தில் நாச்சிமுத்து வெற்றிலை போடுவார். மடியிலிருந்து ஒன்றை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். கண் ராமாயியை முறைத்தபடியே இருந்தது. கை மட்டும் தன்பாட்டில் நீண்டு, வேலி மூலைக் குச்சியில் சாய்ந்திருந்த கலயத்துக்குள் நுழைந்து, ஒரு சுற்று வழித்து, விரல் நிறையச் சுண்ணாம்போடு வெளியே வந்தது.

எல்லார் கண்ணும் அந்த விரலுக்குத் திரும்பியது.

அவர் தன் சுண்ணாம்பு டப்பாவைத் தொலைத்துப் பதினைந்து நாளாயிற்று. காட்டுக்குப் போகையில் ஒரு வழிப்பு, வீட்டுக்கு வருகையில் ஒரு வழிப்பு, நடுவில் இரண்டு. எல்லாம் அந்த மூலைக் கலயத்தில்தான். அந்தி அவசரத்தில் மரமேறுகிறவன் கலயத்துக்குள் எட்டியா பார்ப்பான்?

ராமாயி கலயத்தை எடுத்துக்கொண்டு வந்து அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள். உள்ளே சுண்ணாம்பு போய்ப் பாதிக்குச் செம்மண் பல்லிளித்தது. மதுவிலக்கு வந்த பிறகு அந்த ஊரில் தவறாமல் தினம் ஒரு கலயம் கள் உண்டாக்கி வந்தவர் கமிட்டித் தலைவர்தான்.

“அவுத்து உடுங்க ஏட்டையா,” என்றார் நாச்சிமுத்து.

“அதெப்படி? சுண்ணாம்பு ஆரு வழிச்சா என்ன, கலயம் அவனுது. மனு உங்களுது. திருப்பி வாங்கோணும்னா ஸ்டேஷனுக்கு வந்து இன்ஸ்பெக்டரு முன்னால எழுதிக் குடுங்க.”

“வாரேன். நடங்க!” ஐவர் பக்கம் திரும்பினார். “கைநாட்டு வெச்ச கழுதைகளா, நீங்களும் நடங்கடா!” பெரிய கழுதை முன்னால் நடந்தது.

இன்ஸ்பெக்டர் உச்சிவெயில் சாயும் வரை காக்க வைத்தார். அப்புறம் எழுதச் சொன்னார். எழுதியதை உரக்கப் படிக்கச் சொன்னார். ‘மேற்படி கலயத்தில் சுண்ணாம்பு திருடியவன் மனுதாரனாகிய நானே’ என்ற இடம் வந்ததும் வேறெதற்கோ லாக்கப்பில் இருந்தவன்கூடச் சிரித்தான். இன்ஸ்பெக்டர் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். நாச்சிமுத்து படித்தார். அவ்வளவு கோபம் அவருக்கு வாழ்நாளில் யார் மேலும் வந்ததில்லை. அதைக் காட்ட அங்கே தன் கன்னத்தைத் தவிர வேறு ஆள் இல்லை.

அவிழ்த்துவிட்ட மயில்சாமியோடு திரும்பி வரும் ஏழு மைலில் ஒரே ஒரு தரம் வாய் திறந்தார்.

“மயிலு… எம் மேல கோவமாடா?”

“வேகமா நடங்க பண்ணாடி. பொழுது எறங்குது.”

பொழுது பனந்தலைக்கு வந்திருந்தபோது மயில்சாமி முதல் மரத்தைப் பாய்ந்து பிடித்தான். ராமாயி கீழே நின்று, பாளை சீவும் சத்தம் மேலிருந்து கேட்கும் வரை அண்ணாந்தே இருந்தாள்.

பிறகு திரும்பினால், நாச்சிமுத்து வேலி மூலையில் குந்தியிருந்தார். தன் காட்டுக் கிளுவை முள்ளை வெட்டி வந்து, மூலைக் குச்சியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். விரலில் ரத்தம். மடியில் வெற்றிலை இல்லை.

ராமாயி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

“அந்தச் சந்து போதுமுங்க, உங்க கை நுழைய,” என்றாள். “இன்னும் ரெண்டு முள்ளு வையுங்க.”

வைத்தார்.