யாருடைய வலி

அறுவைப் பிரிவில் வேலை பார்த்த அந்த டாக்டரம்மாவுக்கு நோயாளிகளின் வலி அப்படியே வந்துவிடும். கட்டிலருகே போய் நின்றால் போதும். பித்தப்பையில் கல் என்றால் வலது தோள்பட்டை வரைக்கும் இழுக்கும், குடல்வால் வீங்கியிருந்தால் தொப்புளில் தொடங்கி மெல்ல வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும். அதனால் நோயாளிக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவருக்கும் வலிக்கும், இவளுக்கும் வலிக்கும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே இது தொடங்கிவிட்டது. நர்ஸுகள் ஓரிரு நாள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்; பிறகு அவள் வரும் நேரத்துக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். கணவரும் பழகிவிட்டார். சாப்பிடும்போது அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டால், "இது யாரோடது?" என்று கேட்பார். "மாடி வீட்டுக்காரரோடது. கிட்னியில கல்லு. போய்ச் சொல்லிட்டு வாங்க" என்பாள்.

பிரிவின் தலைவரான பெரிய டாக்டர் மட்டும் பழகவில்லை. அந்த மருத்துவமனையில் குடல்வால் என்று திறந்து, நல்ல குடல்வாலைப் பார்த்து அசடு வழிந்த கதைகளும் உண்டு. ஸ்கேனுக்காகக் காத்திருந்து உள்ளேயே வெடிக்கவிட்ட கதைகளும் உண்டு. அதனால் அவள் முறையாக ஓர் ஆய்வு தொடங்கினாள். ஸ்கேனுக்கு முன்பே தன் கணிப்பை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுவாள். அறுத்தெடுத்ததைப் பரிசோதனைக்கூடம் பார்த்துச் சொன்ன பிறகே உறையைப் பிரிப்பார்கள். இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவள் தவறவில்லை. அதுவே வினையாயிற்று. தவறே இல்லாத ஆய்வை நம்ப முடியாது என்று ஒரு மருத்துவ இதழ் திருப்பி அனுப்பியது. முடிவெல்லாம் சரிதான், ஆனால் இன்னொரு டாக்டருக்கும் வலிக்க வேண்டும் என்றது வேறொன்று. அவளும் விடாமல் சக டாக்டர் ஒருவரை வாரக்கணக்கில் கட்டில் கட்டிலாகக் கூட்டிப்போய் நிறுத்தினாள். அவருக்குப் பசித்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. "உன் வலியை நான் கேஸ் ஷீட்டுல எந்தக் கட்டத்துலம்மா எழுதறது?" என்றார் பெரிய டாக்டர்.

அப்போதுதான் அந்த லாரி டிரைவர் வந்து சேர்ந்தார். அவர் பக்கத்தில் போனதுமே அவளால் நிமிர முடியவில்லை. "குடல்வால்தான் சார், உடனே திறந்துடுங்க" என்றாள். ஸ்கேன் இயந்திரம் அன்று பழுது. மெக்கானிக் வழியில் இருந்தார். வரட்டும் என்றார் பெரிய டாக்டர். அவள் கெஞ்சினாள், கத்தினாள், கை சிவக்கச் சுவரில் அடித்தாள். மதியத்துக்குமேல் அவளுடைய வலி சட்டென்று நின்றது. அதே நொடியில் டிரைவரும் மனைவியைப் பார்த்து, "இப்பப் பரவால்ல" என்று சிரித்தார். குடல்வால் வெடிக்கும்போதுதான் வலி அப்படி ஓயும். அதற்கப்புறம் மூன்று முறை வயிற்றைத் திறந்து சீழைக் கழுவினார்கள். ஆள் பிழைத்தார், ஆனால் அது லாரியில் ஏறுகிற உடம்பாக இல்லை. அவர் மனைவி தாழ்வாரத்தில் டாக்டரம்மாவை மறித்தாள். "உங்களுக்கு அப்பவே தெரியுமாமே? தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?" அன்று மாலை டாக்டரம்மா ஆய்வுத் தாள்களையெல்லாம் மூட்டையாகக் கட்டிப் பரணில் எறிந்தாள். "எரிச்சிருக்கலாம், தீப்பெட்டிதான் கெடைக்கல" என்றாள் கணவரிடம்.

சில மாதம் கழித்து ஒருநாள் காலையில் தொப்புளைச் சுற்றி வலித்தது. மாடி வீட்டுக்காரருக்குத்தான் ஏதோ என்று கணவரை அனுப்பிவிட்டு வேலைக்குப் போனாள். வார்டுக்குள் நுழையும்போது வலி வலப்பக்கம் இறங்கியிருந்தது. ஒவ்வொருவர் வயிற்றையும் அமுக்கிப் பார்த்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. நோயாளியைப் பார்க்க வந்தவர்களை, தரை துடைக்கிறவரை, காவலாளியைக்கூடப் படுக்கவைத்துப் பார்த்தாள். "யாரோ மறைக்கிறாங்க சிஸ்டர். வெடிச்சுடும், தேடுங்க!" தலைமை நர்ஸ் அவள் நெற்றியைத் தொட்டார். அனலாய்க் கொதித்தது.

"எல்லாரையும் பாத்தாச்சு டாக்டர். மிச்சம் நீங்கதான்."

"எனக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

பெரிய டாக்டர் ஓடி வந்தார். ஸ்கேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அவள் அவரையே பார்த்தாள். எடுத்த வாயை அவர் மூடிக்கொண்டு, மயக்கமருந்து டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். திறந்தபோது குடல்வால் வெடிக்க ஒரு மூச்சுதான் பாக்கியிருந்தது.

குடல்வாலோடு இந்தத் தொல்லையும் போய்விடும் என்று நம்பியிருந்தாள். போகவில்லை. தையல் பிரிப்பதற்குள்ளேயே அடுத்த கட்டில்காரியின் பித்தப்பை அவள் தோளில் வலித்தது. அவளுடைய ஆய்வை இன்றுவரை எவரும் அச்சிடவில்லை. அதை நினைத்தால் இன்றும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரிய டாக்டர் காலையில் வார்டுக்கு வந்ததும் நோயாளிகளை நலம் விசாரிப்பார். பிறகு அவள் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று, "இன்னிக்கு எங்கம்மா வலிக்குது?" என்று கேட்பார். அவள் எரிச்சலோடு தொட்டுக் காட்டுவாள்.